பின் தகட்டில் இரண்டு தட்டு

காலி வேனில் யாரோ பின்னாலிருந்து இரண்டு தட்டு தட்டினார்கள்.

ஜெயசீலனின் கால் அவனைக் கேட்காமலே பிரேக்கை மிதித்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம், கால் யாரைக் கேட்கும்? டிரைவர் உட்காரும் கேபினுக்கும் பின்னால் பெண்கள் உட்காரும் பெட்டிக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு உண்டு. அதில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்து, ஒரு தட்டு தட்டினால் போகலாம். மாதனூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற இந்தப் பழைய வேனில் மணி கிடையாது, கண்டக்டர் கிடையாது, இதுதான் பாஷை. யாருக்காவது வாந்தி வந்தாலும், ஓடிவருகிற ஒருத்தி விட்டுப்போனாலும், சாயங்காலம் அவரவர் ஊர் வந்தாலும் இரண்டு தட்டு. வேன் ஓரங்கட்டி நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பதினெட்டுப் பேரையும் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு அரைமணி நேரம் ஆகிறது. இப்போது ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். பின்னால் யாரும் இல்லை.

காலை எட்டரை மணிதான், அதற்குள் கத்திரி வெயில் கண்ணைக் கூச வைத்தது. ஹைவேயை விட்டு இறங்கிப் பாலாற்றை ஒட்டிப் போகும் சின்ன ரோடு அது. இடது பக்கம் ஒரு நிழற்குடை. எந்த ஊருக்கென்று கட்டினார்களோ, சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. சீமைக் கருவேலமும் காய்ந்த ஆற்று மணலும்தான். ஜெயசீலன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காத்திருந்தான். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சரியாக அவன் தலைக்குப் பின்னால், விரல் கணுவால் தட்டுகிற மாதிரி ஒரே ஒரு தட்டு கேட்டது. அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான்.

அந்தத் தட்டு காதில் விழுந்ததே பெரிய விஷயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் தகட்டில் சம்மட்டியால் அடித்தாலும் பாதிதான் கேட்டிருக்கும். அந்த வேனில் என்ஜின், டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. அதன் உறுமல், டயரின் இரைச்சல், கதவின் கடகடப்பு, சன்னல் இடுக்கில் காற்றின் ஊளை எல்லாம் சேர்ந்து காலையும் மாலையும் அவன் மண்டையை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தி வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் காதுக்குள் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே பேசவேண்டும் என்று அவன் சாதாரணப் பேச்சையே கத்திப் பேசுவான். அவன் கத்தினால் எட்டு மாதக் குழந்தை உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிடும்.

"பாப்பா உன்ன பாத்து பயப்படல மாமா. உன் கொரலுக்குத்தான் பயப்படுது," என்பாள் சௌமியா. அவன் மனைவி. அவளும் அதே கம்பெனியில் தையல் பிரிவு, அதே வேனில் பின்னால்தான் வருவாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று தெரிந்தாலும் அவனுக்கு வலிக்கும். பெற்ற பிள்ளை தன் குரலுக்கு அழுவதைவிட ஒரு ஆளுக்கு வேறு என்ன கேவலம் வேண்டும்?

இதற்கு நடுவில் வேன் காண்ட்ராக்டர் ஒரு குண்டைப் போட்டார். ஜூன் மாதம் எல்லா டிரைவருக்கும் கண், காது டெஸ்ட் உண்டு, தேறாதவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஜெயசீலனுக்கு இடது காதில் போன் பேசினால் பாதிதான் கேட்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வேலூரில் கார் சாமான் விற்கிற கடையில் போய் விசாரித்தான். சத்தம் அடக்குகிற ஷீட்டுக்குக் கடைக்காரர் சொன்ன விலைக்கு இந்த வேனையே யாராவது கொடுத்துவிடுவார்கள்.

உமர் ஃபாரூக்கிடம் புலம்பினான். உமர் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் இருக்கிறான்.

"இதுக்காடா பேஜாராவுற? அந்த ஷீட்டு இன்னா பெரிய ஷீட்டு? நாங்க தினம் வாரிக் கொட்டுறமே, அதான்டா அது. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன், ஒரு மூட்டை தூக்கிகினு போ."

மூட்டை வந்தது. ஷூவின் உள்ளே அடிப்பாதத்துக்கு வைக்கிற ஃபோம் ஷீட்டுகள், பாதம் பாதமாக வெட்டி எடுத்தது போக மிச்சம் இருந்தவை. ஒவ்வொரு ஷீட்டிலும் வரிசையாகப் பாத வடிவில் ஓட்டைகள், இடதும் வலதுமாக. ஓட்டை மேல் ஓட்டை வராதபடி இரண்டு அடுக்காக வைத்து, அதன் மேல் தடித்த எருமைத் தோல் துண்டுகளை வைத்து, ஷூவுக்குப் போடுகிற அதே சொல்யூஷனால் ஒட்டினான். முதல் ஞாயிறு, தரையும் என்ஜின் மூடியும், உறுமல் போயிற்று. இரண்டாவது ஞாயிறு, கதவுகள். உள்பக்க அட்டையைக் கழற்றிக் கதவின் வயிற்றுக்குள் கிழிந்த கம்பளியும் பஞ்சும் அடைத்தான், கதவு விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினான். காற்றின் ஊளை போயிற்று, டயர் இரைச்சல் எங்கோ பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. மூன்றாவது ஞாயிறு, கூரையும் பின் தகடும். தகட்டின் நடுவில் பின்னால் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது, அதன் மேலும் தோலைப் போட்டு மூடினான். தலைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வெறும் தகடாக விட்டுவைத்தான். தட்டினால் கேட்கவேண்டுமே.

சில்லறைக் கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. பஞ்சு அடைத்ததில் கதவுக் கண்ணாடி நாலு விரல்தான் இறங்கியது. ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் தோளால் முட்டித்தான் கதவைத் திறக்கவேண்டும். வெயிலில் சொல்யூஷன் வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. ஆனாலும் அவன் இன்டிகேட்டரின் டிக் டிக் சத்தத்தை முதல்முதலாகக் கேட்டான். வீட்டில் மெதுவாகப் பேசினான். ஒரு நாள் சாயங்காலம் அவன் "பாப்பா" என்று கூப்பிட்டதற்குக் குழந்தை வாயெல்லாம் ஈறாகச் சிரித்தது. ஜெயசீலன் எழுந்துபோய்க் கொல்லைப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தத் தட்டு.

மறுநாளும் அதே இடம். நிழற்குடைக்குப் பத்தடி முன்னால் இரண்டு. கால் மிதித்தது. நின்றது. கொஞ்ச நேரம். பிறகு ஒன்று.

மூன்றாம் நாள் அவன் இறங்கினான். பின் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வருஷக்கணக்காகிறது. காண்ட்ராக்டர் இன்றைக்கு நாளைக்கு என்கிறார். அதனால் அது வெளியே தாழ்ப்பாள் போட்டபடிதான் இருக்கும், வெளியிலிருந்துதான் திறக்கவேண்டும். திறந்தான். இரண்டு பக்கமும் நீள பெஞ்சு, நடுவில் நடக்க இடம், ஒரு மூலையில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில். வேறொன்றும் இல்லை. ஆனால் உள்ளேயிருந்து முகத்தில் அடித்த காற்று அவனைப் பின்வாங்க வைத்தது. தேங்காய் எண்ணெய், பவுடர், வியர்வை, பலபேர் விட்ட மூச்சின் வெதுவெதுப்பு. ஆட்கள் இறங்கி அரைமணி நேரமான வண்டியில் இந்த வாடை இருக்கக்கூடாது. இது ஆட்கள் நிரம்பியிருக்கும்போது வருகிற வாடை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவன் திரும்பி சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், போகலாம் என்று ஒரு தட்டு.

உமரிடம் மட்டும் சொன்னான். கம்பெனி எதிரே டீக்கடையில், ஷிப்டு விடுவதற்கு முன்னால்.

"தகடு சூட்டுல விரியும்டா," என்றான் உமர். "டப்பு டப்புன்னு சத்தம் போடும். முன்னாடி உன் வண்டி போட்ட கூச்சல்ல கேக்கல, இப்ப கேக்குது. அவ்ளோதான் மேட்டரு."

"ரெண்டு தட்டு. அப்பறம் ஒண்ணு. தினம் அதே எடத்துல. சூடு எண்ணிப் பாத்தா தட்டும்?"

உமர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நீ நிறுத்துறியா?"

"கால் நிறுத்திடுது."

உமர் கிண்டல் பண்ணுவான் என்று ஜெயசீலன் எதிர்பார்த்திருந்தான்; அவன் பண்ணவில்லை. "ஒட்டுனத எல்லாம் பிச்சி எறிஞ்சிடு தோஸ்த்," என்றான் உமர். "பழையபடி கூச்சலோட ஓட்டு. டெஸ்டு முடியற வரைக்கும் எவன்கிட்டயும் வாயத் தொறக்காத. இல்லாத சத்தம் கேக்குதுன்னு தெரிஞ்சா சாவிய புடுங்கிடுவானுங்க."

பிய்த்து எறிவதா? வேனில் ஏறியதும் அவன் கூரைத் தோலைத் தொட்டுப் பார்த்தான். குழந்தை சிரித்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

வேன் கனத்துக்கொண்டே வந்தது. இதை முதலில் கண்டுபிடித்ததும் அவன் உடம்புதான். ஊருக்குள் நுழையும் இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. காலி வண்டி அதில் ஏறினால் பின்பக்கம் துள்ளி, டிரைவரையே சீட்டிலிருந்து தூக்கிப் போடும். இப்போது தூக்கவில்லை. ஏறி, மெதுவாக அமுங்கி, இறங்கியது. ஆள் ஏற்றின வண்டி இறங்குகிற மாதிரி. ஒரு நாள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். பின் டயர் இரண்டும் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தன, சுமை தாங்கும் பட்டை வில் வளைவு போய் நேராகப் படிந்திருந்தது. உள்ளே காலிப் பெஞ்சுகள்.

அப்போதுதான் அந்தக் கணக்கு அவன் மனதில் விழுந்தது. இரண்டு தட்டு, நிறுத்து. ஒரு தட்டு, போகலாம். நடுவில் அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு? நிறுத்தினால் யாராவது ஏறுவார்கள், ஏறியானதும் போகலாம் என்பார்கள். வேறு எதற்கு ஒரு வேனை நிறுத்துவார்கள்? அவன் விரல் விட்டு எண்ணினான். லீவு நாள் போக பதினாறு நாள் ஆகியிருக்கும், பதினேழாகவும் இருக்கலாம். தினம் ஒருத்தராக அவனேதான் நின்று நின்று ஏற்றியிருக்கிறான். இதுவரை யாரும் இறங்கியதாகத் தெரியவில்லை.

பெண்களும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னாண்ணா இது, எடமே இல்ல," என்றாள் பூங்குழலி ஒரு சாயங்காலம். வேனிலேயே வாயாடி அவள்தான். "மூணு பேரு லீவு. அப்பவும் யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்குது. பெஞ்ச சின்னதாக்கிட்டியா?"

அன்று வீட்டில் சௌமியா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மாமா, எம்மேல யாரோ சாஞ்சிகினே வர்ற மாதிரி இருக்குது. திரும்பிப் பாத்தா தகடுதான் இருக்குது. மூச்சு விட முடியல. வேற வண்டில வரட்டா?"

"காண்ட்ராக்டர் ஒத்துக்க மாட்டாரு. நான் பாத்துக்கறேன். திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணிடறேன்."

உண்மையைச் சொல்ல அவன் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் பயப்படுவாள், பயத்தில் நாலு பேரிடம் சொல்வாள், அது காண்ட்ராக்டர் காதுக்குப் போகும். இப்படியெல்லாம் யோசித்து அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு எத்தனையோ முறை அந்த நிமிஷத்தை நினைத்து நொந்துகொள்வதற்கு அவனுக்கு அவகாசம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை, காலி வண்டியில், அவன் நிறுத்துவதில்லை என்று முடிவோடு போனான். இரண்டு தட்டு. வலது காலை ஆக்ஸிலரேட்டரில் அழுத்திப் பிடித்தான். அது பிரேக்குக்கு இழுத்தது. நிழற்குடை கடந்து போயிற்று. மறுபடி இரண்டு. இரண்டு. இரண்டு. கோபமே இல்லாமல், பொறுமையாக, ஊர் வரும் வரைக்கும். வீட்டு வாசலில் என்ஜினை அணைத்தபிறகு அந்த உள்ளங்கை அகல வெறும் தகட்டில் காதை வைத்தான். தகடு சுட்டது. அந்தப் பக்கத்தில், காதுக்கு நேரே, யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைப் போலவே தகட்டில் காதை வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவன் பிய்த்து எறியத்தான் உட்கார்ந்தான். கத்தியை எடுத்துத் தோலின் ஓரத்தில் வைத்தான். பழைய இரைச்சல் திரும்பி வரும், ஜூன் டெஸ்டு வரும், குழந்தை அழும். கேட்பதுதானே தொல்லை, கேட்காவிட்டால் கால் நிற்காது, கால் நிற்காவிட்டால் யாரும் ஏற முடியாது. அவன் கத்தியை வைத்துவிட்டு சொல்யூஷன் டப்பாவைத் திறந்தான். வெறுமனே விட்டிருந்த அந்த இடத்திலும் இரண்டு அடுக்கு ஃபோம், அதன் மேல் இருப்பதிலேயே தடித்த தோல். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினான்.

"இனிமே தட்டினா எனக்குக் கேக்காது," என்றான் சௌமியாவிடம். "எதாவது ஒண்ணுன்னா போன் பண்ணு."

திங்கட்கிழமை காலை குழந்தையைப் பக்கத்து வீட்டு வஜீதா அக்காவிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மற்ற ஊர்களிலும் ஏற்றியாயிற்று. இரண்டு பேர் லீவு, பதினாறு பேர்தான். கடைசியாகத் தாழ்ப்பாள் போடும்போது உள்ளே பார்த்தான். பெஞ்சில் பெண்களுக்கு நடுவே நடுவே இடம் காலியாக இருந்தது. ஆனால் எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு, முழங்காலைச் சேர்த்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெரிசலில் உட்காருகிற மாதிரி. பூங்குழலிகூட வாயைத் திறக்கவில்லை. தகட்டை ஒட்டிக் கடைசியில், பச்சைப் புடவையில் சௌமியா. அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தோன்றியது. மணி ஆகிவிட்டது என்று அவன் கதவைச் சாத்தினான்.

கேபினில் ஏறிக் கதவை இழுத்தான். ரப்பர் பட்டை உறிஞ்சிப் பிடித்தது. உலகமே நின்றுபோன மாதிரி அமைதி. என்ஜின் ஓடுவது உள்ளங்காலில்தான் தெரிந்தது. தன் மூச்சு கேட்டது, எச்சில் விழுங்குவது கேட்டது. நிழற்குடை வந்தது, போயிற்று. எந்தச் சத்தமும் இல்லை. அவன் பல நாளைக்குப் பிறகு தோளைத் தளர்த்தி உட்கார்ந்தான். முடிந்தது என்று நினைத்தான்.

டாஷ்போர்டில் போன் வெளிச்சம் போட்டது. சௌமியா.

"மாமா." குரல் மிகப் பக்கத்தில், அமைதியாக இருந்தது. "நிறுத்தாத. எவ்ளோ தட்டனாலும் நிறுத்தாத. நேரா கம்பெனிக்கு போ."

"இன்னாச்சி? சௌமியா?"

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டான், மணி போய்க்கொண்டே இருந்தது. ஹைவேயில் ஏறும் நேரம், பின்னால் லாரி, நிறுத்தவும் முடியாது. அவளே நிறுத்தாதே என்கிறாள். சொன்னபடி செய்தான்.

முதலில் அதை அவன் முதுகு உணர்ந்தது. சீட்டுக்குப் பின்னால் தகடு அதிர்ந்தது. சத்தம் இல்லை. துளிகூட இல்லை. எலும்பில் மட்டும். இரண்டு. இரண்டு. பிறகு கணக்கே இல்லாமல், மேலே, கீழே, தகடு முழுக்க. ஒரு கை, பத்துக் கை. டிபன் பாக்ஸால் அடிக்கிறார்களா? தோளால் இடிக்கிறார்களா? கண்ணாடிக்கு மேலே ஒட்டிய தோல் ஒரு முறை உப்பி அடங்கியது.

நிறுத்தாத என்றாளே.

அப்படியானால் தட்டுவது அவள் இல்லை. மற்றவர்கள்தான். ஏறினவர்கள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. வியர்வை கண்ணில் இறங்கியது. சொல்யூஷன் வாடை தொண்டையை அடைத்தது. சன்னல் கைப்பிடியைச் சுற்றினான். சுற்றியது, நாலு விரல் இறங்கும் கண்ணாடி இப்போது அசையவே இல்லை. இன்னும் ஏழு கிலோமீட்டர். ஐந்து. அதிர்வு குறைந்தது. பல கை, சில கை. ஆம்பூர் வந்தது. இரண்டு கை. பிறகு ஒரே ஒரு இடத்தில் மட்டும், அவன் இடுப்பு உயரத்தில், விட்டு விட்டு.

கம்பெனி வாசல். வண்டியை நிறுத்தினான். செக்யூரிட்டி ஹயாத் பாஷா எப்போதும்போல நோட்டோடு பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். ஜெயசீலன் கதவைத் தோளால் முட்டினான். திறக்கவில்லை. மறுபடி முட்டினான். வெயிலில் ரப்பர் பட்டை இளகி, கதவைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. இடது கதவுக்குத் தாவினான். அதுவும் அப்படியே. கத்தினான். "பாஷா பாய்! பாய்!" அவன் குரல் தோலில் பட்டு அங்கேயே செத்தது. மூன்றடி தள்ளி ஒரு பெண் நின்று மோர் விற்றுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கக் கண்ணாடியில் பார்த்தான். பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று. இரண்டு. பூங்குழலியின் மஞ்சள் சுடிதார் இறங்கியது. பூங்குழலி குள்ளம். சுடிதாருக்குள் இருந்தவள் நெட்டை. கணுக்கால் வெளியே தெரிந்தது. ஆறு. ஏழு. யாரும் பேசவில்லை. யாரும் அண்ணா என்று கையாட்டவில்லை. குனிந்த தலை, கழுத்தில் அடையாள அட்டை, வரிசையாக உள்ளே போனார்கள். பதினைந்து. பதினாறு. பதினேழு. ஏற்றியது பதினாறு பேர். பாஷா பாய் நோட்டைப் பார்க்காமலே டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டாவதாக ஒரு பச்சைப் புடவை.

பாஷா பாய் பின் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். வண்டி லேசாக அசைந்ததில் அவனுக்கு அது தெரிந்தது.

பச்சைப் புடவை வரிசையோடு போகவில்லை. வேனின் பக்கவாட்டில் நடந்து அவன் சன்னலுக்கு வந்தது. சௌமியா ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள் என்று கம்பெனி வாசலில் புருஷனைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். சௌமியாவின் முகம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில். ஆனால் கண்ணாடியில் மூச்சு படியவில்லை. அது கையில் இருந்த போனைக் காதில் வைத்தது. டாஷ்போர்டில் வெளிச்சம். அவன் தொடவில்லை. அதுவாகவே எடுத்துக்கொண்டது.

"மாமா," என்றது சௌமியாவின் குரல், சற்றுமுன் நிறுத்தாத என்று சொன்ன அதே அமைதியில், ஒரு எழுத்துப் பிசகாமல். "பாப்பா முழிச்சிருக்கும். வா, வீட்டுக்குப் போலாம்."

அவன் முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், சௌமியா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.